‘டப்’புக்கு ஆந்தை சொன்ன வைத்தியம்

இனிமேல் பெண்டாட்டியிடம் யோசனை கேட்பதில்லை என்று ஃபோல்க்மார் சபதம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. வாய் நிறைய நுரை. உரக்கச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் வீப்கே காதில் விழுந்திருக்கும், அதற்கும் அவள் ஒரு யோசனை சொல்லியிருப்பாள்.

பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதுவது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தப் பைத்தானை, ஸ்பீக்கரோடு நேரடியாகப் பேசும் ஒலி லைப்ரரி என்ற ஆயத்தப் புரோகிராம் தொகுப்பு ஒன்றோடு இணைக்கப் பாலம் கட்டிக்கொண்டிருந்தான். பாலம் நின்றது. இசை வந்தது. நடுநடுவே ‘டப்’ என்று ஒரு வெடிச்சத்தமும் வந்தது.

அந்த லைப்ரரி, பந்தியில் உட்கார்ந்த பெரும்பசிக்காரன். கண்ணிமைக்கும் நேரத்துக்கு ஒரு தரம் இலையை நீட்டும். அந்தக் கணத்தில் பரிமாறாவிட்டால் ‘டப்’. பைத்தானோ சாவகாசமான ஆள். வாளியோடு கிளம்பி, பாதி வழியில் அதைக் கீழே வைத்துவிட்டு, கணினியின் நினைவறையைப் பெருக்கிக் குப்பை அள்ளத் தொடங்கிவிடும்.

சனிக்கிழமை மாலை நொய்க்கோல்ன் பேட்டையில், மேடையிலேயே புரோகிராம் எழுதி இசைக்கிறவர்களின் கூட்டம். அதில் ஃபோல்க்மாரும் மேடையேற வேண்டும். நண்பன் இங்மார் ஏற்கெனவே சிரித்துவிட்டான். “பைத்தானா? அது செருப்பு மாட்டறதுக்குள்ள பாட்டு முடிஞ்சிடும்டா!”

வீட்டிலும் அதே பேச்சு.

“ரேடியோவுல இத்தனை வருஷமா சவுண்டு பாக்கறேன். நான் ஒரு தரம் பாக்கட்டுமா?” என்றாள் வீப்கே.

“நீ பாக்கறது மைக்கு, ஒயரு. இது புரோகிராம். வேற உலகம்.”

“சரி. உன் உலகத்துல சனிக்கிழமை டப்புனு கேட்டா?”

“கேக்காது.”

“கேட்டா?”

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஒரே ஒரு டப் கேட்டாலும் என் சின்ன ரூம் உனக்கு! செல்லோவைத் தூக்கிட்டுக் குடி போ. கேக்கலைன்னா அந்த ரூம் பேச்சையே எடுக்கக் கூடாது.”

“சரி,” என்றாள் அவள், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

அந்த வீட்டில் வீப்கே தன் செல்லோவை, அந்த ஆளுயரப் பிடிலை, வாசித்தால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்காத ஒரே இடம் அந்த அறைதான். வீப்கே அதை வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறாள். என் மூளையே அங்கேதான் இருக்கிறது என்று அவனும் வருஷக்கணக்காக மறுத்து வருகிறான். அப்பேர்ப்பட்டவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததும் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பெண்டாட்டியிடம்தானே கேட்கக் கூடாது? ஒலி நிபுணர்கள் கூடும் இணைய மன்றத்தில் பொய்ப் பெயரில் நுழைந்து கேட்டான். ‘ஆந்தை’ என்ற பெயரில் ஒருவர் உடனே பதில் எழுதினார்.

‘வீட்டில் காலி பாட்டில்கள் உண்டா?’

பால்கனியில் மூட்டை மூட்டையாக இருந்தன. கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறேன், போகிறேன் என்று வசந்த காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

‘அவை அதிரும். அப்புறப்படுத்துங்கள்.’

முதுகில் இரண்டு மூட்டை, கையில் இரண்டு மூட்டை. கடையில் பாட்டில் விழுங்கும் இயந்திரத்தின் முன் வரிசையில் நின்று, எல்லாவற்றையும் ஊட்டிவிட்டுத் திரும்பினான். போட்டுப் பார்த்தான். டப்.

‘அப்படியானால் ஃப்ரிட்ஜின் மோட்டார்தான் குறுக்கிடுகிறது. பனிக்கட்டியை உருக்கி, பின்பக்கத் தூசியைத் துடைத்துவிட்டுச் சோதியுங்கள்.’

“என்னடா இது, ஃப்ரிட்ஜெல்லாம் துடைக்கறே! காய்ச்சலா?” என்று வீப்கே அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“தொழில் ரகசியம். உனக்குப் புரியாது.”

“காய்கறித் தட்டையும் கழுவிடேன்.”

“அதை யாரும் சொல்லலை.”

அறைக்குப் போய்ப் பார்த்தால் ஆந்தை எழுதியிருந்தார்: ‘காய்கறித் தட்டை விட்டுவிட்டீர்களோ?’

ஃபோல்க்மாருக்குப் புல்லரித்தது. எப்பேர்ப்பட்ட மேதை! ஓடிப்போய்க் கழுவினான். அப்படியும் டப்.

‘நீங்கள் உட்காரும் அறை லிஃப்டை ஒட்டியதா?’

‘ஆமாம் ஐயா! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?’

‘அனுபவம். மேஜையைச் சமையலறை ஜன்னலோரம் மாற்றுங்கள்.’

மேஜை, திரை, ஸ்பீக்கர், ஒயர்க் குவியல் எல்லாம் சமையலறைக்குப் போயின. மேஜையின் மறுமுனையை வீப்கேயே பிடித்தாள்.

“சனிக்கிழமை வரைக்கும்தான். பந்தயம் பந்தயம்தான்,” என்றான் மூச்சிரைக்க.

“நான் ஒண்ணும் கேக்கலியே! ரூம் சும்மாதானே கிடக்கு, அதுவரைக்கும் செல்லோவை உள்ள வைக்கட்டுமா?”

“வை, வை.”

வெள்ளிக்கிழமை வந்தது. டப் மட்டும் போகவில்லை. இங்மாரின் சிரிப்பு காதில் கேட்டது. அறையும் போய், மானமும் போகப் போகிறது என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ‘ஐயா, கைவிட்டுவிடாதீர்கள்’ என்று எழுதினான்.

‘சரி, புரோகிராமைக் காட்டுங்கள்.’

அதை முதலிலேயே ஏன் கேட்கவில்லை என்று அவனுக்குத் தோன்றவில்லை. காட்டினான்.

‘இலை நீட்டும் இடத்தில் நின்றுகொண்டு சமைக்கிறீர்கள். முன்கூட்டியே சமைத்துப் பாத்திரத்தில் நிரப்பிவையுங்கள், லைப்ரரி தானே அள்ளிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் திரையில் கணக்கு எழுதிக் காட்டாதீர்கள். கச்சேரி முடியும்வரை பைத்தான் நினைவறையைப் பெருக்கவே கூடாது.’

மாற்றினான். போட்டான். காத்திருந்தான். டப் இல்லை. இன்னும் காத்திருந்தான். இல்லவே இல்லை! சமையலறையில் ஒரு குதி குதித்தான். கீழிருந்து துடைப்பக்கட்டை இடித்தது. அதுகூட அவனுக்குத் தாளமாகத்தான் கேட்டது.

சனிக்கிழமை இங்மார் ஸ்பீக்கருக்குள் தலையை விடாத குறையாகக் கேட்டான். ஒரு டப் இல்லை. முடிந்ததும் அவனே முதலில் கை தட்டினான். ஃபோல்க்மாருக்கு அந்த வாரத்தில் அப்போதுதான் ஒழுங்காக மூச்சு வந்தது. மானம் பிழைத்தது, அறை பிழைத்தது, வேறென்ன வேண்டும்?

“ஜெயிச்சுட்டே. ரூம் உன்னோடதுதான். இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்,” என்று வீப்கே கட்டிக்கொண்டாள். அவன் பெருந்தன்மையோடு தலையசைத்தான்.

ஞாயிறு மத்தியானம் மேஜையைத் திரும்ப நகர்த்தக் கை வைத்தான். வைத்த கையை எடுத்துவிட்டான். ஓடுகிற ஒன்றைத் தொட்டுக் கெடுத்த அனுபவம் எந்தப் புரோகிராம்காரனுக்குத்தான் இல்லை? எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

‘ஐயா, தங்கள் தயவால் வெற்றி. இனி பழைய அறைக்கே திரும்பிப் போகலாமா?’

சின்ன அறையின் மூடிய கதவுக்குப் பின்னால் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த செல்லோ வாசிப்பு நின்றது. சற்று நேரத்தில் திரையில் ஆந்தையின் பதில் வந்தது:

‘ஓடறதை எதுக்குத் தொடறே? மேஜைல கிடக்கற ஒயரை ஓரமாத் தள்ளிட்டு ரெண்டு தட்டு எடுத்து வை, பசிக்குது.’