ரயிலைப் பார்த்த பிறகே கை நனைப்பாராம்

மாரண்டஹள்ளி,
விஷு வருஷம், ஆனி மாதம்.

பெங்களூர்ப் பட்டாளத்து மோட்டார் கொட்டகையிலே லாரிகளின் வயிற்றுக்கடியில் மல்லாந்து படுத்துத் தினமும் எண்ணெய் அபிஷேகம் வாங்கிக்கொள்ளும் அருமை மருமகன் சிரஞ்சீவி முனிராஜுக்கு, உன் தாய்மாமனும், பாலக்கோடு முதல் ராயக்கோட்டை வரையிலுள்ள பூமியை வாய்ச்சொல் ஒன்றாலேயே ஆண்டு வருபவனுமாகிய பெரியண்ணன் நிறைந்த ஆசீர்வாதத்தோடு எழுதியது. இங்கு உன் ஆத்தா தீர்த்தம்மாள் சுகம். காளைகள் சுகம். எருமை கொஞ்சம் நொண்டுகிறது, மற்றபடி சுகம். ரயில் மட்டும்தான் செத்துப்போய்விட்டது. அங்கு உன் சுகத்தையும் லாரிகளின் சுகத்தையும் எழுதவும்.

நிற்க. நிற்க என்று எழுதினேனே தவிர, என் கால்கள் இன்னும் நிற்கிற நிலைக்கு வரவில்லை. நேற்று இந்த வீட்டில் நடந்ததை நீ பார்த்திருந்தால் பட்டாளம் வேண்டாம், சண்டை வேண்டாம் என்று ஹிட்லரே கையெடுத்துக் கும்பிட்டிருப்பான் என்பாய். போன ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் முழுகப் போனவன், தலையைக்கூடத் துவட்டாமல் வந்து, "கட்டினா அந்த ஆத்தோரத்துச் செல்லியத்தான் கட்டுவேன், இல்லாட்டி பட்டாளத்து லாரியக் கட்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நீ பெங்களூர் பஸ் ஏறிவிட்டாய். ஏறினவனுக்கு என்ன, இறங்கி அலைந்தவன் நானல்லவா? செல்லியின் அப்பன் சென்றாயன் லேசுப்பட்ட ஆள் இல்லை. காவேரிக் கரையில் கொல்லையும் பரிசலும் வைத்திருக்கிறவர். தண்ணீரில் அவர் துடுப்பு போட்டால் முதலை ஒதுங்கி நின்று வழிவிடும். ஆனால் தரையில் அவருக்கு ஒன்றின்மேலும் நம்பிக்கை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ரயிலு ஓடற ஊருக்குத்தான் எம் மவளக் குடுப்பேன்."

அவர் ரயிலைக் கண்ணால் கண்டதில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. நம்ம ஊர்ச் சின்ன ரயிலைப் பற்றி, எருமைக்குப் பின்னால் போனால் எருமை திரும்பிப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் அந்த ரயிலைப் பற்றி, நான் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சொன்ன சொற்களைக் கேட்டால் அந்த எஞ்சினே வெட்கத்தில் சிவந்துபோயிருக்கும். "அது ஊதினா ராயக்கோட்டைக் கோழியெல்லாம் இன்னொருக்கா விடிஞ்சு போச்சுன்னு கூவுமுங்க. உங்க பொண்ணு களி கிண்டிக்கிட்டே சன்னல்ல ரயிலுக்குக் கை காட்டலாமுங்க" என்றேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார். ஏன் கலங்கினார் என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீடு பார்க்க வருவதாக அவர்கள் சொல்லியனுப்பிய அதே வாரத்தில் சர்க்கார் நம் ரயிலை நிறுத்திவிட்டது. நிறுத்தினால் போகட்டும், பெட்டியை நிறுத்தி வைத்தாலாவது காட்டிச் சமாளிக்கலாம். தண்டவாளத்தையே பிடுங்கிச் சண்டைக்கு அனுப்பப் போகிறார்களாம்! ராயக்கோட்டைப் பக்கமிருந்து கேங்கு ஆட்கள் கடப்பாறையோடு பிடுங்கிக்கொண்டே வந்து, நம் கொல்லைக்கு எட்டின தூரத்தில் முகாம் போட்டுவிட்டார்கள். உன் ஆத்தா அடுப்பங்கரையில் உட்கார்ந்து, "எம் பையனுக்கு இனி லாரிதான்" என்று அழுதாள். நான் நேரே மேஸ்திரி ராஜாமணியிடம் போனேன்.

"மேஸ்திரியாரே, எங்க கொல்லைக்கு எதிர்ல இருக்கறத மட்டும் நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வுட்டு வெய்ங்க. பொண்ணு வூட்டுக்காரங்க பாத்துட்டுப் போயிரட்டும்."

"ஏங்க, ரயிலு இல்லாத தண்டவாளத்தப் பாத்து பொண்ணு குடுப்பாங்களா?"

"வெறுங்கழுத்தக் காட்டித்தானுங்க நாளைக்கு நகை வருதுன்னு சொல்றோம்."

சிரித்துவிட்டுச் சரி என்றார் மனுஷன். அந்தச் சிரிப்பை நம்பி நான் ஓர் ஆட்டை அறுத்தேன்.

நேற்று உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். சென்றாயன், அவர் அக்கா சின்னம்மாள், ஒரு வண்டி, இரண்டு மாடு. சின்னம்மாளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவள் நாக்கைச் சாணை பிடிக்க வேண்டிய அவசியமில்லை, அதில் வேறு கத்திகளைச் சாணை பிடிக்கலாம். கிணறு பார்த்தார்கள், திருப்தி. மாடு பார்த்தார்கள், எருமை நொண்டுவதையும் பார்த்தார்கள், பரவாயில்லை என்றார்கள். இலை போட்டாயிற்று. நம் வழக்கம் உனக்குத் தெரியும்: பெண்ணைப் பெற்றவன் இந்த வீட்டில் கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம். நனைக்காமல் எழுந்தால் அந்தப் பேச்சு அதோடு சரி, அப்புறம் எவன் தூது போனாலும் ஒட்டாது. சென்றாயன் இலைக்கு முன்னால் உட்காரவில்லை. வாசலில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தார்.

"ரயிலு எப்பங்க வரும்?"

"வர்ற நேரந்தானுங்க."

"வரட்டும். பாத்துட்டே கை நனைக்கறேன்."

மாப்ளே, இல்லாத ரயில் எங்கிருந்து வரும்? நான் உள்ளே ஓடி உன் ஆத்தாளிடம், "எஞ்சினுக்குக் கரி இல்லியாம், அதான் நேரமாவுதுன்னு சொல்லு" என்று கிசுகிசுத்தேன். அவள் பயத்தில் முன்பாதியை விழுங்கிவிட்டு, வெளியே போய்க் கும்பிட்டு, "மன்னிச்சிருங்க, கரி இல்லீங்க, அதான் நேரமாவுது" என்றாள். எழுத்தில் இதற்கு ஒரு ர, அதற்கு ஒரு ற. வாயில் இரண்டுக்கும் ஒரே வாசல்தானே?

சின்னம்மாள் சீறினாள். "கறி இல்லியா? ஆட்டு ரத்தம் வாசல்ல இன்னும் காயல, கறி இல்லியா? அடுப்புல கொதிக்கறது என்ன, உங்க அண்ணங்காரன் துண்டா?"

"அய்யோ, அது இருக்குதுங்க! ரயிலுக்குத்தானுங்க கரி இல்ல!"

சென்றாயன் முகம் மாறிவிட்டது. "ரயிலுக்கு எதுக்குங்க கறி? முனியப்பனுக்குப் போடறாப்பல அதுக்கும் போடணுமா? போடாட்டி நவுராதா?"

"நெருப்புப் போடற கரிங்க!" என்று நான் கத்தினேன். விளங்கி அவர் தலையாட்டினபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு உடனே திரும்பிப் போயிற்று. ஏனென்றால் வளைவில் இரும்புச் சத்தம் கேட்டது.

ரயில் இல்லை. ராஜாமணியின் டிராலி. நான்கு பேர் தள்ள, மேலே தண்டவாளத் துண்டுகள் கடகடக்க, அது நம் கொல்லையை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் கேங்கு ஆட்கள், அது கடந்த தண்டவாளத்தை அப்படியே கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கே முடிக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவாம், பிறகு சொன்னார்கள். நான் என்ன செய்வேன்? "அதோ வந்துட்டுதுங்க ரயிலு!" என்று கையை நீட்டிவிட்டேன்.

சென்றாயன் இமைக்காமல் பார்த்தார். "ஏனுங்க, போன வழிய எடுத்துக்கிட்டே போவுதே?"

"புது மாதிரிங்க! பின்னாடி இருக்கறத எடுத்து முன்னாடி போட்டுக்கிட்டு, தேவைப்பட்ட ஊருக்கெல்லாம் தானே போயிரும். சீமையில இப்ப இதான் ஓடுது."

அவர் நம்பியிருப்பார், மாப்ளே. ஒரு விநாடி நம்பினார், கண்ணில் பார்த்தேன். அதற்குள் ராஜாமணி டிராலியை நிறுத்தி, தலைப்பாகையை அவிழ்த்து முகம் துடைத்து, "கோவிச்சுக்காதீங்க பெரியண்ணரே, உத்தரவு. ரயிலு நின்னதுதான் நின்னு போச்சே, இத மட்டும் வெச்சி என்ன பண்றது?" என்று சொல்லிக் கொல்லைக்கு எதிரே கடப்பாறையைப் போட்டார். நம் கண்ணெதிரில், இலை போட்டிருக்கிற வீட்டின் எதிரில், தண்டவாளம் பிடுங்கப்படும் சத்தம் இருக்கிறதே, அது வேர்க்கடலைச் செடி பிடுங்குகிற மாதிரி இல்லை. பல் பிடுங்குகிற மாதிரி.

சென்றாயன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் வைத்திருந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்: "மூத்தவள அக்கரையில குடுத்தேனுங்க. கொள்ளேகால் பக்கம். பரிசல் இருக்குதே, நெனச்சா போயிரலாம்னுதான் குடுத்தேன். ஆடி வெள்ளத்துல அவளுக்கு நோவுன்னு அக்கரையில நின்னு துண்ட வீசனாங்க. நான் இக்கரையில நின்னேன். எம் பரிசலே எனக்கு உதவல. தண்ணி வடிஞ்சி நான் போனப்ப, குழி மேல போட்ட மண்ணு காஞ்சி போயிருந்துச்சு. வெள்ளத்துக்கு அசையாத வண்டி ஒண்ணு இருக்குதுன்னாங்க. அதான் கேட்டேன். வேறொண்ணுமில்ல. வரேனுங்க."

அவர் வண்டியைப் பூட்டப் போனார். சின்னம்மாளும் சேலையை உதறிக்கொண்டு பின்னால் போனாள். அந்த நேரம் பார்த்துப் பெங்களூர்ப் பக்கமிருந்து ஓர் ஆகாய விமானம் தலைக்குமேல் இரைந்துகொண்டு போயிற்று. மாடுகள் மிரண்டன. சென்றாயன் அண்ணாந்து பார்த்தார். "அதுக்குத் தண்டவாளம் வேணாமா?" என்றார். "வேணாமுங்க, அது நம்ம கொல்லை..." என்று நான் ஆரம்பித்ததும் உன் ஆத்தா என் வாயைப் பொத்தினாள். வலக்கையால், மாப்ளே, மிளகாய் அரைத்த கையால்.

பொத்தின கையை எடுக்காமலேயே அவரிடம் சொன்னாள்: "அண்ணா, எங்கண்ணன் சொன்னது எதையும் நம்பாதீங்க. ரயிலு இல்ல. வராது. ஆனா உங்க வூட்டுக்கும் எங்க வூட்டுக்கும் நடுவுல காவேரி இல்லீங்க. இருக்கறது ஒரு சின்னாறு. அதுல எருமை படுக்கத் தண்ணி பத்தாது. செல்லிக்குத் தலவலின்னாகூட சொல்லியனுப்பறேன், நடந்து வந்துருவீங்க. உங்களால முடியாட்டி நான் அவள நடத்திக் கூட்டியாறேன்."

அவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். கேங்கு ஆட்கள்கூடக் கடப்பாறையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். பிறகு சென்றாயன் கேட்டார்: "நடந்தே வந்துரலாமில்ல?"

"வந்துரலாமுங்க."

"சொம்புல தண்ணி குடுங்க."

கை நனைத்தார், மாப்ளே! நனைத்தவர் இலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ராஜாமணியையும் கேங்கு ஆட்களையும் கூப்பிட்டு வரிசையாக உட்கார வைத்தார். ஆவணியில் முகூர்த்தம். ஆகவே நீ லீவுக்கு எழுதிப்போட்டு, மீசையைத் திருத்தி, எண்ணெய் வாடை போகக் குளித்து வந்து சேரவும். உனக்கும் செல்லிக்கும் சகல பாக்கியங்களும் உண்டாகி, பேரும் பிள்ளைகளுமாக நம் மாரண்டஹள்ளி மண்ணிலேயே நீங்கள் குடியிருந்து விளங்க வேண்டுமென்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் நலம் ஒன்றையே நாடிப் பொய் சொல்லும் மாமன்,
பெரியண்ணன்.

பி.கு.: தபால்தலை இல்லாமல் இரண்டு நாள் கிடந்த உறையை இன்று ஒட்டப்போகையில் சின்னம்மாள் அனுப்பிய ஆள் வந்துவிட்டான். சென்றாயன் வீடு போய்ச் சேருமட்டும் வழியெல்லாம் யோசித்தாராம். நடக்கிற தூரம்தான் என்றால் அந்தத் தூரத்தை அவர் மகள் எதற்கு நடக்க வேண்டும், மாப்பிள்ளை நடந்து அங்கே வந்து இருந்துவிடட்டுமே என்கிறார். பட்டாளத்து வேலையை விட்டுவிட்டு, ஆற்றோரம் அவர் வீட்டிலேயே தங்கி, பரிசல் தள்ள வேண்டுமாம். இல்லையென்றால் நனைத்த கை நனைத்ததோடு சரியாம். உன் ஆத்தா மயங்கிக் கிடக்கிறாள். நான் சரி என்று சொல்லியனுப்பிவிட்டேன், காவேரியை வெள்ளத்திலேயே குறுக்கே நீந்தினவன் நீ என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்துவிட்டதாம், அப்படியென்றால் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஊரே கரையில் நின்று நீ நீந்துவதைப் பார்க்கும் என்று சொல்லிவிட்டுப் போனான் வந்த ஆள். மாப்ளே, உனக்கு நீச்சல் தெரியுமா? தந்தி அடி.