தேநீரில் விழுந்த வரன்

மதிப்பிற்குரிய மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் நலம். நீங்களும் என் தங்கையும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். நேற்று நீங்கள் அனுப்பி வைத்த வரனைப் பார்த்த பிறகும் அப்படி விரும்புகிறேன் என்றால் என் பெருந்தன்மையை நீங்களே அளந்துகொள்ளுங்கள். விஷயத்துக்கு வருகிறேன். என் மகளை அவனுக்குக் கொடுப்பதாக இல்லை. இனி வருவதெல்லாம் காரணங்கள்.

"பையன் உங்க பூச்சி ஆபீஸ்தான், உங்களுக்கு ஒத்துப்போகும்" என்று போனில் சொன்னீர்கள். எந்த அறை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எதிரறை! ஓய்வு பெறும்வரை நான் முகம் கொடுத்துப் பேசாத அறை. நான் சிற்றுண்ணிக்காரன். சிற்றுண்ணி என்றால் சாமானியமா? வெறும் கண்ணுக்குப் புள்ளி. தலை தனி, மார்பு தனி என்ற பகட்டெல்லாம் கிடையாது. ஒரே உடம்பு, முன்னால் ஒரு வாய், அவ்வளவுதான். உணர்கொம்பு இல்லை, இறக்கை இல்லை, எட்டுக் கால். குஞ்சுக்கு மட்டும் ஆறு. நாலாவது ஜோடி தோல் உரித்த பிறகுதான் முளைக்கும். அது தெரியாமல் ஆறு காலை எண்ணிவிட்டுப் பூச்சி என்று கத்துகிற அரைகுறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதுகில் எந்த மயிர் எங்கே நிற்கிறது என்று பார்த்து இனம் சொல்ல வேண்டும், மச்சான், கண் பிதுங்கிப் போகும். எதிரறையில் என்ன? மிட்ஜ். கொசு மாதிரியே இருக்கும், ஆனால் குத்த நீள ஊசி கிடையாது, இறக்கையில் செதிலும் கிடையாது. கொசுவாகக்கூடத் துப்பில்லாத ஜந்து. ஆணுக்கு மட்டும் உணர்கொம்பு இறகு மாதிரி சிலிர்த்துக்கொண்டு நிற்கும். அதிலும் என்ன இனம் என்று தெரிய ஆணின் பின்பக்கத்தை வெட்டியெடுத்துக் கண்ணாடித் தகட்டில் பதித்து உற்றுப் பார்ப்பார்கள். பெரிய மனிதர்கள் செய்கிற வேலையா இது?

சரி, வந்தவனை வாசலிலேயே திருப்பி அனுப்புவது மரியாதையில்லை என்று உட்கார வைத்தேன். பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும் அவனுடைய உறவுக்கார மிட்ஜ் கூட்டம் ஜன்னல் வழியாக வந்து விளக்கைச் சுற்றியது. ஒன்று அவன் தேநீரில் விழுந்தது. நீங்களோ நானோ என்ன செய்வோம்? விரலால் எடுத்து வீசிவிட்டுக் குடிப்போம். இவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய தூரிகையை எடுத்தான்! பெண் பார்க்க வருகிறவன் பையில் தூரிகை! அதால் மிட்ஜைத் தூக்கித் தட்டின் விளிம்பில் வைத்து இறக்கையை விரித்துவிட்டான். தேநீரைத்தான் குறை சொல்கிறான் என்று நினைத்து என் மனைவி முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள், வேறு கோப்பையோடு வந்து ணங்கென்று வைத்தாள். என் மகளோ அவனுக்குப் பக்கத்தில் குனிந்து, "உணர்கொம்பு சிலிர்த்திருக்கு, ஆண்தானே?" என்கிறாள்! என் ரத்தம், மச்சான், என் ரத்தம்!

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "சார், இதோட வயித்துல சிவப்பா ஒண்ணு ஒட்டிட்டிருக்கு பாருங்க. உங்க ஆளு மாதிரி தெரியுது."

என் ஆளாம்! மிட்ஜின் வயிற்றிலாம்! அவனுடைய கைலென்ஸைப் பிடுங்கிப் பார்த்தேன். எண்ணினேன். ஆறு கால். "சிற்றுண்ணிக்கு எத்தனை கால்னு தெரியுமாய்யா உனக்கு? ஆறு கால் இருந்தா அது பூச்சி! இதுகூடத் தெரியாம எங்க ஆபீஸ்ல சம்பளம் வாங்கறியா?" என்று வீடே அதிரக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு தேநீரைக் குடித்துவிட்டு, "வரேன் சார்" என்று போய்விட்டான். இப்படி வாயில்லாத, எண்ணத் தெரியாத ஒருவனை எந்த முகத்தோடு சிபாரிசு செய்தீர்கள்? மகள் அதிலிருந்து என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும், கெட்டா போகப்போகிறாள்?

தங்கைக்கு என் ஆசி. உங்கள் மூட்டுவலிக்கு என் அனுதாபம். வேறு அறையில் வரன் இருந்தால் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்து வாய் திறந்தாள். "அந்த மிட்ஜை உங்க மைக்ராஸ்கோப்ல வச்சிருக்கேன். ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் திட்டுங்கப்பா." அவள் வாயை அடைக்கத்தான் பார்த்தேன். சிவப்பு. ஒரே உடம்பு. உணர்கொம்பு இல்லை. வாயை மிட்ஜின் வயிற்றில் புதைத்துக்கொண்டு சொகுசாகச் சவாரி செய்கிறது. ஆறு கால்தான். குஞ்சு.

அவருக்கு அது அப்போதே தெரியும், மச்சான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் மனைவி, மகள் முன்னால் என் மானம் கப்பலேறியிருக்கும். சொல்லாமல் தேநீரைக் குடித்தார். ஆறிப்போன தேநீரை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மேலே உள்ளதைத் தங்கையிடம் காட்டாமல் கிழித்துவிடுங்கள். அவரை மறுபடி வரச் சொல்லுங்கள். எனக்கு நாலாவது ஜோடி இப்போதுதான் முளைத்திருக்கிறது என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.