பக்கத்து வீட்டுக்கான மாத்திரை

'நமக்கு இன்னா?' என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. இந்த இனத்தார் தெருவிளக்கு எரியாவிட்டால், அது தங்கள் வாசல் விளக்கா என்று முதலில் பார்ப்பார்கள். தங்கள் வாசலைச் சுத்தமாகக் கூட்டி, குப்பையை அடுத்த வாசலில் குடிவைப்பார்கள். பஸ்ஸில் தாங்கள் ஏறியதும் "ரைட், போலாம்" என்று குரல் கொடுப்பார்கள். கீழே ஓடி வருகிறவன்? அவன் கவலை அவனுக்கு.

களமருதூர் வீரமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் அறுக்கும் மிஷினோடு ஒடிசாப் பக்கம் போனவர், மலேரியாவோடு திரும்பினார். காய்ச்சல் மாத்திரைகளை வேளை தவறாமல் விழுங்கினார். காய்ச்சலும் விட்டது. கடைசியாக ஒரு மாத்திரை பாக்கி. அது எதற்கு என்று மகள் ரம்யாவைக் கேட்டார். கேட்டிருக்கவே வேண்டாம்.

ரம்யாவுக்கு வேலையே அந்த மாதிரி மாத்திரைகள்தான். பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடம். மலேரியாக் கிருமியுள்ள ரத்தத்தில் புது மருந்தைக் கலந்து கொசுக்களுக்கு ஊட்டி, சில நாள் வளர்த்து, பிறகு வயிற்றைக் கீறி, உள்ளே கிருமி வளர்ந்ததா என்று பார்ப்பாள். வளரவில்லையென்றால் அன்று எல்லோருக்கும் டீயோடு சமோசா. இப்போதுள்ள மருந்து எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளாததால்தான் இந்தப் பாடு. வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருந்தவள், உள்ளதை உள்ளபடி சொன்னாள்: இது அவருடைய காய்ச்சலுக்கு அல்ல, அவரைக் கடிக்கும் கொசு, ரத்தத்தில் இன்னும் மிச்சமிருக்கும் கிருமியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகாமலிருக்க.

"பக்கத்து வூடுன்னா... ஆதிமூலமா?"

வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அதே ஆதிமூலம்தான். மனுஷருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரப்பை வெட்டித் தின்றவனுக்காகத் தான் மருந்து சாப்பிடுவதா என்று எரிந்து விழுந்தார். மாத்திரை அலமாரிக்குப் போனது.

ரம்யா சண்டை போடவில்லை. வயிற்றைத் தாங்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மாதமாயிருப்பவளுக்கு இந்தக் காய்ச்சல் வந்தால் குழந்தைக்கே ஆபத்து என்பது அவளுக்குத் தெரியும். பயந்துபோயிருந்தாள்.

"ஒன்னக் கடிச்ச கொசு ஆதிமூலம் வூட்டுக்குத்தான் போவும்னு இன்னாப்பா நிச்சயம்? பக்கத்து ரூம்ல நான் படுத்துக்கினு இருக்கேன்."

வீரமுத்து எழுந்துபோய் மாத்திரையை எடுத்து விழுங்கினார்.

ஆள் திருந்திவிட்டார் என்றா நினைத்தீர்கள்? மறுநாள் காலை வயலில் ஆதிமூலத்தை மடக்கி, பல வருஷத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

"ஒனக்காவத்தான் மாத்திரை முழுங்கிக்கினு வந்திருக்கேன். வரப்புல ஒரு சாண் வுட்டுக் குடு."

போகட்டும். இதைப் படிக்கையில் உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்ததே, யாருடையது? அடுத்த வீட்டுக்காரருடையதுதானே? இதுவும் அவருக்குத்தான் என்று மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் விழுங்குங்கள்.