துரைக்கு ஒத்தடம், எனக்குச் சுளுக்கு

சிபாரிசால் வேலை நிரந்தரமானவர்கள் உண்டு, காக்காய் பிடித்து வாங்கியவர்களும் உண்டு. எனக்கு நிரந்தரமானது ஒரு சுளுக்கால். இதை வெளியில் சொல்ல இத்தனை வருடம் ஆயிற்று.

அப்போது பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் தற்காலிக டிஸ்பென்சர். (மருந்து கலக்கிக் கொடுக்கிறவன்தான். நடையைப் பார்த்தால் பெரிய டாக்டர் தோற்றுப்போவார்.) பெரிய கங்காணி தம் மகள் செல்லத்தை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. "வேலை நிரந்தரமாகட்டும் தம்பி, அப்புறம் பரிசம் போடலாம்." செல்லத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அதிலேயே தூக்கம் போய்விட்டது.

எங்கள் துரைக்குக் கோல்ப் பைத்தியம். முந்தின வருடப் பந்தயத்தில், மார்கழிக் குளிரில், முதல் அடியிலேயே இடுப்புப் பிடித்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். இந்த வருடம் என்னைக் கூப்பிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "இந்த வாட்டி நம்ம இடுப்பு புடிச்சா நீ பெட்டி கட்டு. புடிக்காட்டி இங்கேயே இரு."

பந்தயத்தன்று விடிந்ததும் பங்களாவுக்கு ஓடினேன். வறுத்த உப்பைத் துணியில் முடிந்து இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தேன். உடம்பு சூடாக மேட்டில் இரண்டு தரம் ஏற்றி இறக்கினேன். வெறுங்கையைப் பத்துத் தரம் மெதுவாக வீசச் சொன்னேன். "குளிர்ந்த உடம்போட மட்டையைத் தொடவே கூடாதுங்க துரை" என்று விரலை வேறு ஆட்டினேன்.

பந்தயம் நடந்த புல்மேட்டில் ஒரே பனிமூட்டம். பெரிய கங்காணி வருவாரென்று கம்பளியை வீட்டிலேயே விட்டுவிட்டு, மெல்லிய அல்பாகா கோட்டில் மாப்பிள்ளை மாதிரி நின்றேன். பல் தந்தியடித்தது. துரை மட்டையை ஓங்கும்போதெல்லாம் மூச்சு நின்றது. இரண்டு மணி நேரம்! கடைசிப் பந்தும் குழியில் விழுந்தது. துரை ஜெயித்தார், இடுப்பும் தப்பியது.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டாமா? "டிஸ்பென்சர், நீ ஒரு அடி அடி!" என்று துரை மட்டையை நீட்டினார். வருங்கால மாமனார் பார்க்கிறார். விறைத்த உடம்போடு, விட்டேன் ஒரு வீச்சு.

பந்து அசையவில்லை. இடுப்பில் 'மளுக்' என்றது. குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன், ஐயோ, நிமிர முடியவில்லை! வாய் திறந்தால் தொலைந்தேன். தன் இடுப்பையே காக்கத் தெரியாதவனுக்கு எந்தத் துரை வேலை கொடுப்பார்?

துரை என்னை உற்றுப் பார்த்தார். "சலாம் போதும், டிஸ்பென்சர்."

நான் நிமிரவில்லை. அவர் முகம் மலர்ந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரை பெருமூச்சு விட்டு, "நம்ம ஆள் இவ்வளவு குனியாது" என்றார். பெரிய கங்காணி ஓடிவந்தார். "போதும் தம்பி, நிமிருங்க."

"இருக்கட்டுங்க" என்றேன், கண்ணீரோடு. அவர் அதையும் விசுவாசம் என்று எடுத்துக்கொண்டார். அப்படியே வளைந்தபடி, பின்னோக்கி நடந்தே மேடிறங்கினேன்.

மறுநாள் வேலை நிரந்தரம். தை பிறந்ததும் கல்யாணம். ஆனால் வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் ஆட்களைக் கூட்டி நிறுத்தி, "டிஸ்பென்சர் மாதிரி சலாம் வை!" என்று துரை சட்டம் போட்டுவிட்டார். விடியற்காலைக் குளிரில் தோட்டமே என்னைச் சபித்துக்கொண்டு குனிந்தது. முன்வரிசையில் என் மாமனார்.

தை மாதம் முடிவதற்குள் அவருக்கு இடுப்புப் பிடித்தது. ஒத்தடம் கொடுத்தது நான்தான். மனசு கேட்காமல் உண்மையைக் கக்கிவிட்டேன். குப்புறப் படுத்திருந்தவர் தலையை மட்டும் திருப்பினார்.

"அட பாவி மனுசா! சுளுக்குன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு தோட்டத்து இடுப்பு தப்பியிருக்குமே!"

அடுப்படியில் செல்லம் சிரித்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை. இன்றைக்கும் விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க நான் குனிந்தால் போதும், "சீக்கிரம் நிமிருங்க, வேற எந்தத் துரையாச்சும் பாத்துறப் போறான்" என்கிறாள்.