நான் கருத்துக் கேட்கப் போன ஞாயிற்றுக்கிழமை

புதிதாக பி.எட். முடித்தவன் கையில் சாக்பீஸைக் கொடுக்கலாம், பிரம்பைக்கூடக் கொடுக்கலாம். கேள்வித்தாள் தயாரிக்கும் வேலையை மட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லியில் ஒரு குடியிருப்பே சாட்சி.

எழுபதுகளின் கடைசி. எமர்ஜென்சி முடிந்து அதிக நாள் ஆகவில்லை. நான் மதுரையிலிருந்து டெல்லி போய், ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். அந்த வருஷம் அங்கே ஒரு புதுத் திட்டம் ஆரம்பித்தார்கள். சனிக்கிழமைதோறும் பையன்கள் உப்புமா கிண்ட வேண்டும். பெண்கள் ஃபியூஸ் போட வேண்டும். பையன்கள் உற்சாகமாகவே கிண்டினார்கள். (அடிப்பிடித்த வாசனை திங்கட்கிழமை வரை போகாது.) பெற்றோர் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தலைமையாசிரியை விரும்பினார்.

"கேட்ல நின்னு நாலு பேரைக் கேட்டுட்டு வாங்க, சார்" என்றார்.

"மேடம், அது விஞ்ஞானபூர்வமா இருக்காது. முறையா சர்வே எடுக்கணும்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, எக்கேடோ கெட்டுப் போ என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

உட்கார்ந்து கேள்விகள் தயாரித்தேன். முதலில் குடும்பத்தின் பின்னணி தெரிய வேண்டும் என்று பி.எட்.டில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே வீட்டில் எத்தனை பேர், யார் எந்த அறையில் தூங்குகிறார்கள், ஒவ்வொருவரும் மாணவனுக்கு என்ன உறவு என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தேன். உப்புமா கடைசிப் பக்கத்தில் கடைசிக் கேள்வியாக வந்தது.

எங்கள் மாணவர்களில் பலர் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசுக் குடியிருப்பில் இருந்தார்கள். அங்கே ஊரறிந்த ரகசியம் ஒன்று உண்டு. சர்க்கார் கொடுத்த இரண்டு அறை வீட்டில், ஓர் அறையை யாருக்காவது உள்வாடகைக்கு விட்டிருப்பார்கள். சட்டப்படி கூடாது. அதிகாரிகள் சோதனைக்கு வந்து கண்டுபிடித்தால் வீடே போய்விடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதே குடியிருப்பில், தெய்வநாயகம் என்ற திருநெல்வேலிக்காரர் வீட்டில், நானே அப்படி ஓர் உள்வாடகைக்காரன்தான். தெரிந்தும் அந்தக் கேள்விகளை எழுதினேன். (என் மூளையையும் பி.எட். சான்றிதழோடு சேர்த்து ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தேன் போலிருக்கிறது.)

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினேன். முதல் வீட்டில் மாணவனின் அப்பா கதவைத் திறந்தார்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?"

அவர் முகம் வெளிறிப் போயிற்று. "எனக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு சார். சர்ட்டிபிகேட் இருக்கு, கொண்டு வரட்டுமா?"

எமர்ஜென்சியின்போது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வாத்தியார்களையும் அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

அடுத்த வீட்டு அம்மாள், "நாங்க நாலே பேர்தான்" என்றார். அந்த நேரம் பார்த்துக் குளியலறைக் கதவு திறந்தது. ஈரத் தாடியோடு ஒரு சர்தார்ஜி, நீண்ட தலைமுடியை உதறியபடி வெளியே வந்தார்.

"இவர் யாரு?"

அம்மாள் கண்கூட இமைக்கவில்லை. "என் தம்பி. ஊர்லேர்ந்து வந்திருக்கான்."

தம்பி இரண்டு கைகளையும் கூப்பி, "வணக்கம் ஜி" என்றார்.

நான் 'தாய்மாமன்' என்று எழுதிக்கொண்டேன்.

அதற்குள் செய்தி என்னை முந்திக்கொண்டு ஓடியிருக்கிறது. ஓடிய வேகத்தில் பள்ளிக்கூடம் உதிர்ந்துபோய், வாத்தியார் சோதனை அதிகாரி ஆகியிருக்கிறார். அடுத்த தெருவில் எல்லா வீட்டிலும் பூட்டு. பின்பக்கச் சந்தில் கட்டில் இழுபடும் சத்தமும் "ஜல்தி, ஜல்தி" என்ற குரல்களும் கேட்டன. யாரோ வீடு மாற்றுகிறார்கள் என்று நினைத்து, அலுத்துப்போய், தாள்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

என் பெட்டி, படுக்கை, ஸ்டவ் எல்லாம் பின்வாசலில் கிடந்தன. தெய்வநாயகம் வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"எங்கவே போய்த் தொலைஞ்சீரு? செக்கிங் வந்திருக்கான்! கண்ணாடி போட்ட ஒல்லிப் பயலாம். யாரு எந்த ரூம்ல தூங்குதாங்கன்னு வீடு வீடா எழுதிட்டு வாரானாம். ஜல்தி பார்க்குக்குப் போயிரும். அவன் போனதும் நானே வந்து கூப்பிடுதேன்."

இந்த இடத்தில் யாருக்கும் பொறி தட்டியிருக்கும். எனக்குத் தட்டவில்லை. "ஐயையோ!" என்று பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினேன். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு.

பார்க்கில், குடியிருப்பின் உள்வாடகைக்காரர்கள் அத்தனை பேரும் கட்டிலும் சூட்கேஸும் தையல் மெஷினுமாகப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு வங்காளிக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, எனக்குத் தெரிந்த இந்தியில் அந்த அதிகாரியைத் திட்டித் தீர்த்தேன். ஞாயிற்றுக்கிழமையில்கூடவா, கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா என்றேன். வங்காளி உருகிப்போய்ப் பாதி ஆரஞ்சுப் பழம் கொடுத்தார்.

அப்போதுதான் தம்பி வந்தார். இப்போது தலைப்பாகையோடு. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மூட்டையைப் போட்டுவிட்டு, "அரே, யஹீ தோ ஹை!" என்று கத்தினார். இவன்தான் அவன்!

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. வங்காளி கையை நீட்டினார். மிச்ச ஆரஞ்சைத் திருப்பிக் கொடுத்தேன்.

சத்தம் கேட்டுத் தெய்வநாயகமும் வந்து சேர்ந்தார். நான் தாள்களை வெளியே எடுத்து, சனிக்கிழமை உப்புமாவைப் பற்றி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஏன்வே, உப்புமாவுக்கும் யாரு எங்க தூங்குதாங்கங்கிறதுக்கும் என்னவே சம்பந்தம்?"

யாரோ அதை இந்தியில் எல்லோருக்கும் சொன்னார்கள். முதலில் சர்தார்ஜிதான் சிரித்தார். பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு பார்க்கே சிரித்தது. தெய்வநாயகம் மட்டும் சிரிக்கவில்லை.

"உம்ம மேல கோவம் இல்ல வாத்தியாரே" என்றார். "ஆனா பெட்டிய மறுபடி உள்ள கொண்டாராதீரும்."

அந்தக் குடியிருப்பில் வேறு யாரும் எனக்கு அறை தரத் தயாராக இல்லை. கடைசியில் சர்தார்ஜியே தன் அறையில் ஒரு மூலையை ஒதுக்கினார். வேறு இடம் கிடைக்கும்வரை அந்த அம்மாளுக்கு இரண்டு தம்பிகள்.

மறுநாள் தலைமையாசிரியை என் தாள்களை மேசை ஓரமாக ஒதுக்கி வைத்தார். தானே போய் கேட்டில் நின்றார். மணி அடிப்பதற்குள் கருத்து வந்துவிட்டது: வகுப்பு நடக்கட்டும், உப்புமா வேண்டாம், சப்பாத்தி சொல்லிக் கொடுங்கள்.

எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, ஓய்வும் பெற்றாகிவிட்டது. இந்தக் கதை மட்டும் ஓய்வு பெறவில்லை. போன தீபாவளிக்கு வீடு நிறைய உறவினர்கள். இலை போடுவதற்காக, "சாப்பிட எத்தனை பேர்?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். என் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எதுக்குப்பா கேக்கறே? யாரு அனுப்பிச்சா?"