தேனீயும் ஊசிப்புல்லும் கலைத்த சம்பந்தம்

செம்பூர், பம்பாய்,
10-11-1964

மதிப்புக்குரிய பிரம்மநாயகம் அத்தான் அவர்களுக்கு, தங்கள் தங்கை கணவன் நம்பிராஜன் வணங்கி எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. மூக்கு வீங்கிக் கிடக்கிறவனுக்கு அப்படி எழுத மனம் வரவில்லை.

தாங்கள் சொன்ன மாட்டுங்கா வரன் வீட்டார், ஞாயிற்றுக்கிழமை நம் அகிலாண்டத்தைப் பெண் பார்க்க வந்தார்கள். வாசல் முருங்கையில் கொம்புத்தேனீக் கூடு. பச்சைப் புல்லைக் கொளுத்திப் புகை காட்டினால் போய்விடும் என்றார் அடுத்த வீட்டு கரீம் பாட்சா. நானும் வடாலா ரயில் பாதையோரம் ஒரு கட்டு அறுத்து வந்தேன். அது ஊசிப்புல் என்பது என் வேட்டிக்குத்தான் முதலில் தெரிந்தது. காலையிலேயே காரியத்தை முடித்திருக்கலாம், தங்கள் தங்கை செண்பகவல்லி விட்டால்தானே? “குடியிருக்கிறதக் கெளப்புறதுக்கும் நல்ல நேரம் வேணும்லா? மூணேகாலுக்கு மேல செய்யுங்க” என்றாள். மாப்பிள்ளை வீட்டாரும் அதே காலண்டரைப் பார்த்துத்தான் கிளம்பியிருக்கிறார்கள். நான் புகை போடவும் டாக்ஸி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளைக்குக் கன்னத்தில் ஒன்று, காதில் ஒன்று. அவர் தன் தாயாரைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் பதுங்க, அந்த அம்மாள் தடுமாறி மிச்சப் புல்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். பட்டுச் சேலை முழுக்க ஊசி. “பொண்ணு பாக்க வந்தோமா, உசுர விட வந்தோமா!” என்று அவர் போட்ட கூச்சல் காலனி முழுக்கக் கேட்டது.

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. தேனீ கொடிதா, புல் கொடிதா என்றே மண்டைக்குள் ஓடுகிறது. இரண்டும் காட்டுப் பிறவி, இரண்டையும் யாரும் அழைக்கவில்லை. தேனீ கொட்டிவிட்டுச் செத்துத் தொலைகிறது, சுண்ணாம்பு தடவினால் தீர்ந்தது. புல்லோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாம்தான் போய் மாட்டுகிறோம், நடக்க நடக்க உள்ளே ஏறுகிறது, அதன் விதையை நாமே சுமந்து வீட்டுக்கும் கொண்டுவருகிறோம். தேனீயிடம் தேனாவது உண்டு. காய்த்த ஊசிப்புல்லில் மாடுகூட வாய் வைக்காது. அந்த அம்மாள் தேனீயை மன்னித்தாலும் புல்லை மன்னிக்கமாட்டார் அத்தான். அலையாய் அலைந்து கிடைத்த இடம், போச்சு! என் மகளுக்கு இனி யார் வருவார்? தாங்கள் உடனே ரயிலேறி வந்து, காலில் விழுந்தாவது பேச வேண்டும்.

அங்கே அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

மனம் நொந்த,
நம்பிராஜன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மாட்டுங்காவிலிருந்து ஆள் வந்தது. அவர்களுக்குப் பூரண சம்மதமாம். எல்லாரும் ஓடியபோது அகிலாண்டம் ஒருத்திதான் நின்று, அந்த அம்மாள் சேலையிலிருந்து ஊசிகளைப் பிடுங்கினாளாம். செண்பகவல்லி சர்க்கரை எடுக்க ஓடினாள். அகிலாண்டமோ, “பெத்த அம்மையத் தேனீக்கு முன்னால புடிச்சு நிறுத்துனவரு எனக்கு வேண்டாம்ப்பா” என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. தாங்கள் வர வேண்டாம், வேறு இடம் பாருங்கள்.