மாமரத்து எழுத்து

உரித்தெடுத்த மாம்பட்டையொன்றைக் கைக்குட்டையில் ஏந்தியவாறு அருள்நாயகி பொலிஸ் நிலையத்துப் படியேறினார்.

வெள்ளவத்தையில் அவர் வீட்டு அறையில் வாடகைக்கிருக்கும் ஸ்ரனிஸ்லாஸ் காலையில் பொலிஸ் ஜீப்பில் ஏறிப் போனதை அயலார் கண்டிருந்தனர். வீட்டுக்கு முன்னாலுள்ள ஒழுங்கையின் மாமரத்தில் இரகசிய எழுத்து இருப்பதாக முறைப்பாடாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, யுத்த காலம். பொழுதுபடுமுன் மீட்காவிட்டால் எங்கே கொண்டுபோவார்களோ. ஆயினும் வாழ்நாளெல்லாம் தாவரவியல் படிப்பித்த அருள்நாயகிக்குத் தம் கெட்டித்தனத்தில் ஐயமில்லை.

உள்ளே ஸ்ரனிஸ்லாஸ் வாங்கில் அமர்ந்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்து, வீட்டுக்குப் போகுமாறு கைகாட்டினான். பயந்துவிட்டான், பாவம்.

சார்ஜன்டுக்குத் தமிழ் வராது. அருள்நாயகியின் சிங்களம் சந்தையோடு சரி. மொழிபெயர்க்கக் கொன்ஸ்டபிள் ஸவாஹிர் நின்றார்.

"டீச்சர், விஷயம் என்னெண்டா..."

"நான் சொல்லி முடியட்டும். பிறகு நீர் கதையும்."

இது எழுத்தன்று, இலைக்கன் என்று தொடங்கினார் அருள்நாயகி. பங்கசு என்ற பூஞ்சணமும் அல்கா என்ற பாசியும் ஒரே குடித்தனமாகி, பட்டையோடு பட்டையாய்ப் பொருக்குப் பிடித்து வளர்வது. கறுப்புக் கீறல்கள் அதன் வித்திகள் பிறக்கும் இடங்கள். மையென்றால் கழன்று வரவேண்டுமே என்று நகத்தால் சுரண்டிக் காட்டினார். வரவில்லை.

அழியாத மையோ என்று சார்ஜன்ட் வினவினார்.

அருள்நாயகி மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துத் தெளித்தார். சாம்பல் நிறப் பொருக்கு கண்முன்னே பச்சையாயிற்று. உள்ளே அல்கா உயிரோடிருப்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சார்ஜன்ட் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினார். நனைத்தால் நிறம் மாறும் இரகசியக் கடிதங்களைப் பற்றி அவருக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"டீச்சர், தயவுசெய்து..." என்றார் ஸவாஹிர்.

"குறுக்கே பேசாதேயும். இந்த ஒரு மரத்தில் மட்டுமே? பம்பலப்பிட்டி வரைக்கும் எந்தெந்த மரத்தில் இருக்கென்று எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு நாளும் விடியக்காலமை உருப்பெருக்கிக் கண்ணாடியோட போய்ப் பார்க்கிறனான். இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியாது என்று இவருக்குச் சொல்லும்."

ஸவாஹிர் தயங்கித் தயங்கிச் சொல்ல, சார்ஜன்ட் விறுவிறென்று குறித்துக்கொண்டார். குறிப்பெடுக்கும் மாணாக்கனைக் கண்டு எத்தனை காலமாயிற்று என்று அருள்நாயகி உள்ளம் குளிர்ந்தார். ஸ்ரனிஸ்லாஸ் மட்டும் ஏனோ தலையில் கைவைத்து அமர்ந்துவிட்டான்.

"எல்லாம் விளங்கிவிட்டதல்லவா? இனிப் பிள்ளையை விடுங்கோ."

ஸவாஹிர் பெருமூச்சு விட்டார்.

"அவரை நாங்க பிடிக்கல்ல, டீச்சர். மரத்துல எழுத்துப் படிக்கிறதா முறைப்பாடு வந்தது உங்க மேலதான். உங்களைத் தேடி வந்த ஜீப்புல அவராத்தான் ஏறி வந்தாரு. டீச்சருக்கு ரெண்டு கண்ணும் தெரியாதெண்டு காலையிலேருந்து சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தாரு, அவரு."